பதிவும் பெயரும்: கச்சேரி ரசிகர்கள் டிஜிட்டல் காலத்தில்



இசையைப் பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் ஒரு வாக்கேயக்காரரையோ, ஒரு ராகத்தையோ, ஒரு பாணியையோ எடுத்துக்கொண்டு பேசுவது வழக்கம். நான் இன்று மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பற்றிப் பேசப்போகிறேன். வித்வான்களுக்கு வாழ்க்கை வரலாறுகள் இருக்கின்றன, சபாக்களுக்குப் பொன்விழா மலர்கள் இருக்கின்றன. ரசிகருக்கு வரலாறு கிடையாது. ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் கர்நாடக இசை உலகத்தில் மிக அதிகமாக மாறிப்போனவர் அவர்தான். வித்வான் அன்றைக்கும் தம்புராவைச் சேர்த்துக்கொண்டுதான் பாட ஆரம்பித்தார், இன்றைக்கும் அப்படித்தான். ரசிகருடைய கையில் இருப்பது வேறாகிவிட்டது. அதனால் அவருடைய கடமையும் வேறாகிவிட்டது.

நம்முடைய சென்னைப் பேட்டைகளையே எடுத்துக்கொள்வோம். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா 1929-இல் வந்தது. அடையாறில் கலாக்ஷேத்ரா 1936-இல் பிறந்து பிறகு திருவான்மியூருக்குப் போனது. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப், தியாகராய நகரின் கிருஷ்ண கான சபா, நாரத கான சபா மூன்றும் 1950-களில் எழுந்தவை. இந்தச் சபாக்களுக்கெல்லாம் முதுகெலும்பு சந்தா கட்டிய உறுப்பினர்கள். ஒரே வரிசையில், ஒரே நாற்காலியில், வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தாளம் போடுவதைப் பார்த்துத் தாளம் கற்றார்கள். ஆலாபனையின் இரண்டாவது பிடியிலேயே "பூர்விகல்யாணி" என்று முன்வரிசை மாமா முணுமுணுத்ததைக் கேட்டு ராகம் கற்றார்கள். எந்தப் பாடத்திட்டமும் இல்லாமல் ஒரு ஊர் முழுவதும் இசையை அறிந்தது இப்படித்தான். இதன் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த நாற்காலி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சந்தாவுக்குப் பணம் வேண்டும். அதைவிட, உள்ளே நுழைந்தால் யாரும் ஏற இறங்கப் பார்க்கமாட்டார்கள் என்ற தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைப் பிறப்பு சிலருக்குக் கொடுத்தது, பலருக்குக் கொடுக்கவில்லை.

கதவை முதலில் கொஞ்சம் திறந்தது வானொலி. 1930-இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கியபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கச்சேரியைக் காசில்லாமல் கேட்டவர்களின் முதல் கூட்டம் மெரினா மணலில் உட்கார்ந்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அதற்குப் பிறகு டீக்கடை பெஞ்சிலும் ரசிகர் இருந்தார். ஆனால் வானொலி கொடுத்தது காற்றோடு போய்விடும். இசைத்தட்டு நிற்கும், ஆனால் பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் கொள்ளாது. ஒரு தோடியை மூன்றரை நிமிஷத்துக்குள் அடக்கியவர்கள் மேதைகள்தான். இருந்தாலும் அது கச்சேரி ஆகாது.

முழுக் கச்சேரியை வீட்டுக்குக் கொண்டுவந்தது டேப். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். இன்றைக்கு நம் தொலைபேசியில் ஒலிக்கும் பழைய கச்சேரிகளில் பெரும்பாலானவை இந்த டேப்புகளிலிருந்து வந்தவை. முதலில் ஸ்பூல் டேப், எழுபதுகளின் இறுதியிலிருந்து கேசட். கல்யாணக் கச்சேரிகளிலும், கோயில் உற்சவங்களிலும், சபாக்களின் முன்வரிசையிலும் தனி மனிதர்கள் தங்கள் செலவில் பதிவு செய்தார்கள். வானொலிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை வைத்து, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிப் பதிவு செய்தார்கள். தொண்ணூறு நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து நிமிஷம். மூன்று மணிநேரக் கச்சேரிக்கு இரண்டு கேசட். நிரவல் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். திருப்பிப் போடும்போது ஸ்வரம் பாதி ஓடியிருக்கும். அந்த 'டக்' இன்று டிஜிட்டல் கோப்பிலும் அப்படியே இருக்கிறது.

பதிவைவிட மதிப்பு மிக்கது கேசட் பெட்டிக்குள் மடித்துவைத்த காகிதம். நுணுக்கி எழுதிய எழுத்தில் தேதி, இடம், பாடியவர், வயலின், மிருதங்கம், உபபக்கவாத்தியம், பாட்டு வரிசை, ராகம், தாளம். எங்கே திருப்பினார்கள் என்பதற்கு ஒரு குறி. சில காகிதங்களில், "மழை, கூட்டம் குறைவு" என்றுகூட இருக்கும். இப்படி எழுதிவைத்தவர்கள் வங்கிக் குமாஸ்தாக்கள், பள்ளி ஆசிரியர்கள், ரயில்வே ஊழியர்கள். யாரும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. ஆனால் அந்தப் பெட்டிகள் பீரோவுக்குள் பூட்டியிருந்தன. பண்டமாற்று நடந்தது: ஒரு மதுரை மணி ஐயர் கச்சேரியைக் கொடுத்தால் ஒரு ஜி.என்.பி. கச்சேரி வரும். யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தே எதைக் கேட்கமுடியும் என்பது இருந்தது. தெரிந்தவர் இல்லாத ஊரில் பிறந்த பையனுக்கு எதுவும் வராது.

இந்தப் பூட்டை உடைத்தது இணையம். தொண்ணூறுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போன நம் பிள்ளைகள், கையில் இருந்த சில கேசட்டுகளோடு ஒருவரையொருவர் தேடினார்கள். 2000-ஐ ஒட்டி சஞ்சய் சுப்ரமணியனும் ஸ்ரீராம் வெ.யும் சேர்ந்து 'சங்கீதம்' என்ற இணையதளத்தை நடத்தினார்கள். பிறகு 'சங்கீதப்ரியா' வந்தது. சம்பளம் வாங்காத தொண்டர்கள் தங்களிடம் இருந்த டேப்புகளைக் கணினிக்கு மாற்றிப் பொதுவில் வைத்தார்கள். ஒரு நிறுவனம் விற்கும் பதிவை வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். பீரோக்களின் பூட்டு திறந்தது இவர்களால்தான். இதைச் சென்னையின் எந்தப் பெரிய நிறுவனமும் செய்யவில்லை என்பதை இந்த மேடையில் சொல்லியாக வேண்டும்.

டேப்பைக் கணினிக்கு மாற்றுவது பொத்தானை அழுத்தும் வேலை என்று நினைக்கவேண்டாம். மின்கலத்தில் ஓடிய பதிவுக் கருவியில், மின்கலம் தீரத் தீர டேப் மெதுவாக ஓடிப் பதிவாகும். அதைப் பின்னால் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும். வர்ணத்தை ஒன்றரைக் கட்டையில் ஆரம்பித்தவர் மங்களத்தை இரண்டு கட்டையில் முடிப்பார். இதைச் சரிசெய்ய அந்தப் பாடகருடைய சுருதி தெரிந்திருக்கவேண்டும். அதுவும் அந்த வருஷத்துச் சுருதி, ஏனென்றால் இளமையில் பாடியதும் முதுமையில் பாடியதும் ஒன்றல்ல. சிலர் பதிவில் கலந்திருக்கும் மின்சார ரீங்காரத்தைப் பிடித்து, அது 50 சுழற்சிக்கு வரும்வரை வேகத்தைத் திருத்துகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிய காதும் பொறியியலும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் இது நடக்கும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தது நம் நல்லகாலம்.

காதும் பொறியியலும் சேர்ந்த இன்னொரு இடம் அடையாறுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்சலோனாவின் பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் கணினிக்கு இசையை அறியக் கற்றுக்கொடுக்க ஷாவியேர் செர்ரா 2011-இல் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' ஆய்வுத் திட்டத்தில் சென்னை ஐஐடியும் சேர்ந்தது. பேராசிரியர் ஹேமா மூர்த்தி தலைமையில் நடந்த வேலை அது. விக்னேஷ் ஈஸ்வரைப் போன்ற பாடகரும் அந்தக் குழுவில் இருந்தார். முதலில் இயந்திரம் தம்புராவைக் கேட்டு ஷட்ஜத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். அது தெரியாமல் ராகம் தெரியாது. இதைச் சொன்னால் நம்முடைய பாட்டிமார் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

என்னை நெகிழவைத்தது அவர்கள் செய்த வேறொரு காரியம். பாட்டு எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்ற குறிப்பே இல்லாத மூன்று மணிநேரப் பதிவை எப்படிப் பிரிப்பது? அவர்கள் கைதட்டலைத் தேடினார்கள். நம் கச்சேரியில் ஆலாபனை முடிந்ததும் கைதட்டல் உண்டு, வயலின் ஆலாபனைக்கு உண்டு, ஸ்வரத்துக்கு உண்டு, தனி ஆவர்த்தனத்துக்கு உண்டு. மேல்நாட்டுச் சங்கீத அரங்கில் கடைசிவரை காத்திருந்து தட்டுவார்கள், நாம் காத்திருப்பதில்லை. அந்தப் பழக்கம்தான் கணினிக்கு வழிகாட்டியது. கைதட்டலின் ஒலிவடிவம் பாட்டின் ஒலிவடிவத்திலிருந்து வேறு. இரண்டையும் பிரித்தறிந்தால் கச்சேரியின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

யோசித்துப் பாருங்கள். ஐம்பது வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு மாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று பெரும்பாலும் இல்லை. அவர்களுடைய பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர்கள் எந்த இடத்தில் மனம் நிறைந்து கைதட்டினார்கள் என்பது பதிவில் இருக்கிறது. ரசிகருக்கு வரலாறு கிடையாது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அவர்கள் விட்டுச்சென்ற வரலாறு அதுதான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 2020-ஐப் பாருங்கள். பெருந்தொற்றினால் அந்த வருஷ மார்கழி இசைவிழா பெரும்பாலும் திரைக்குப் போனது. அகாடமி தன் விழாவை இணையத்தில் நடத்தியது. நகரத்தின் பல சபாக்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து 'யுவர்ஸ் ட்ரூலி மார்கழி' என்ற பெயரில் இணைய விழா எடுத்தன. ஒலியும் ஒளியும் அற்புதமாக இருந்தன. மிருதங்கக்காரரின் விரல்களை நாம் அவ்வளவு அருகில் பார்த்ததே இல்லை. சிட்னியிலும் டொராண்டோவிலும் இருந்தவர்களுக்கு முதல்முறையாக முழு சீசன் கிடைத்தது. ஆனால் கல்பனாஸ்வரம் முடியும், குறைப்பு முடியும், அதற்குப் பிறகு ஒரு மௌனம். பாடகர் பக்கவாத்தியக்காரரைப் பார்த்துப் புன்னகைப்பார், அவ்வளவுதான். அந்த மௌனத்தின் கனத்தைப் பல கலைஞர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். கச்சேரி எவ்வளவு தூரம் எதிரில் இருப்பவரால் ஆனது என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அதே ஊரடங்கில் நேர் எதிரான ஒன்றும் நடந்தது. சுபஸ்ரீ தணிகாசலம் 'குவாரன்டைன் ஃப்ரம் ரியாலிட்டி' என்று யூடியூபில் ஒரு தொடர் ஆரம்பித்தார். பழைய சினிமாப் பாட்டுகளைப் பாடகர் ஒரு வீட்டிலும், தபலாக்காரர் ஒரு வீட்டிலும், புல்லாங்குழல்காரர் இன்னொரு ஊரிலுமாகப் பாடியும் வாசித்தும் அனுப்ப, எல்லாவற்றையும் சேர்த்தார்கள். லட்சக்கணக்கான குடும்பங்கள் இரவில் அதற்காகக் காத்திருந்தன. அதன் வெற்றிக்கு ஏக்கம் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் செய்ததுதான்: யார் எழுதினார், யார் இசையமைத்தார், இப்போது இந்த இடத்தில் வாசிப்பவர் யார் என்று பெயர் பெயராகச் சொன்னார். சினிமா இசைத்தட்டில் பாடகர் பெயர் இருக்கும். அந்த வயலின் வரிசையில் உட்கார்ந்தவர் பெயர் இருக்காது. அறுபது வருஷப் பாக்கி அது. அதில் ஒரு பகுதியை வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒரு கூட்டம் தீர்த்தது.

இப்படிப் பெயர்களைத் தேடிப்போன இன்னொரு கூட்டமும் உண்டு. மயிலாப்பூர் லஸ் அவென்யூவில் ராகசுதா அரங்கம் இருக்கிறது. சிறிய அரங்கம், அங்கே நடந்த பல கச்சேரிகளைப் 'பரிவாதினி' குழுவினர் பெருந்தொற்றுக்குப் பல வருஷம் முன்பிருந்தே நேரலையாக ஒளிபரப்பி வந்தார்கள். ஜி.என்.பி.யைப் பற்றியும் பழனி சுப்ரமணிய பிள்ளையைப் பற்றியும் நூல் எழுதிய லலிதாராம் இதன் பின்னால் இருப்பவர்களில் ஒருவர். பெரிய சபாக்கள் மதியத்துக்குத் தள்ளிவிடும் நாகஸ்வரத்தை இவர்கள் நடுவில் வைத்தார்கள். மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களுக்கு, அவர்களில் ஒருவரான பர்லாந்தின் பெயரில் விருது கொடுத்தார்கள். இணையத்தில் கூடிய ரசிகர் கூட்டம் வெறுமனே கேட்டுவிட்டுப் போகாமல், வாத்தியம் செய்தவரின் பெயரையும் தேடிப் போயிருக்கிறது. இப்படி ஒரு கூட்டம் பழைய சபா முறையில் உருவாகியிருக்குமா என்றால், உருவாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

சபாவுக்கு வெளியே இணையம் திறந்த வழிக்கு 2017-இல் வந்த 'சென்னை புறம்போக்கு பாடல்' இன்னொரு உதாரணம். எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடினார், கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதினார், ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக இசையமைத்தார். எந்தச் சபாவின் அனுமதியும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் இடம் கிடைக்காதவர்கள் பலர் கர்நாடக ராகத்தை முதன்முதலில் தங்கள் பேச்சுமொழியில் கேட்டது அன்றுதான்.

கசப்பான பக்கத்தையும் தொடாமல் போகமுடியாது. 2018-இல் இளம் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த பாலியல் தொல்லைகளைச் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். சபா வராந்தாவில் பல வருஷமாகத் தாழ்ந்த குரலில் மட்டும் பேசப்பட்டவை வெளியே வந்தன. அகாடமி அந்த வருஷ விழாவிலிருந்து 7 கலைஞர்களை நீக்கியது. குருவையும் சபாவையும் மீறிப் பேச அந்தப் பெண்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. அந்த இடத்தை இந்தத் தொழில்நுட்பம்தான் கொடுத்தது. அதே வருஷம், கிறிஸ்தவப் பாடல் பாடுவதாகச் சொல்லிக் கலைஞர்களை மிரட்டியதும் அதே கருவிகளால்தான். 2024-இல் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது சமூக ஊடகத்தில் எழுந்த சண்டையை நீங்கள் அறிவீர்கள். கருத்து வேறுபாடு நமக்குப் புதிதில்லை. 1940-களில் தமிழிசைக்காகக் கல்கி நடத்திய பேனா யுத்தம் லேசானது இல்லை. ஆனால் அன்று எதிர்த்து எழுதியவர்கள் தாங்கள் எதிர்த்த பாடகரைக் கேட்டவர்கள். இன்று ஒரு கச்சேரியைக்கூட முழுதாகக் கேட்காதவர்கள் கட்சி கட்டுகிறார்கள். கேட்காமல் வெறுப்பவரை ரசிகர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். எல்லாம் கிடைக்கிறது, பெயர் கிடைப்பதில்லை. யூடியூபில் ஒரு பழைய கச்சேரியைத் தேடுங்கள். பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். வயலின் யார், மிருதங்கம் யார், எந்த வருஷம், எந்த ஊர், ஒன்றும் இருக்காது. அந்தக் கேசட்டின் காகிதத்தில் இவையெல்லாம் இருந்தன. கேசட்டிலிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து குறுவட்டுக்கு, குறுவட்டிலிருந்து வாட்ஸ்அப்புக்கு என்று கைமாறும்போது ஒலி வந்து சேர்ந்தது, காகிதம் வழியில் தொலைந்தது. முதலில் தொலைவது பக்கவாத்தியக்காரர் பெயர். கஞ்சிரா வாசித்தவர், கடம் வாசித்தவர், பின்பாட்டுப் பாடிய சிஷ்யை ஆகியோர் உலகம் முழுக்க ஒலித்துக்கொண்டே பெயரில்லாமல் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்தப் பதிவுகளைத் தவிர வேறு நினைவுச்சின்னம் கிடையாது.

இந்தக் குறை இப்போது அபாயமாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024-இல் 'லால் சலாம்' படத்தில் 'திமிரி எழுடா' பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். எல்லோரும் அப்படி அறிவிப்பார்கள் என்று எதிர்பார்க்கமுடியாது. நாளைக்கு ஒரு மேதையின் குரலில், அவர் பாடவே இல்லாத ஒரு காம்போதி சுற்றுக்கு வரலாம். அது அவர் பாடியதுதானா என்று எதைக்கொண்டு சொல்வது? குரலை வைத்துச் சொல்லமுடியாது, குரலைத்தான் செய்துவிட்டார்களே. தேதி, இடம், பக்கவாத்தியம், யார் டேப்பிலிருந்து வந்தது, அந்த 'டக்' எங்கே விழுந்தது, கைதட்டல் எங்கே இருக்கிறது: இவைதான் சாட்சி. இரைச்சல் என்று சொல்லிக் கைதட்டலையும் இருமலையும் வெட்டி எறிந்துவிட்டுச் 'சுத்தமான' பதிவு போடுகிறவர்கள் சாட்சியையும் சேர்த்து வெட்டுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

அகாடமியில் டேக் டிஜிட்டல் ஒலிக்காப்பகம் இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பழைய கச்சேரிகளைக் கேட்கலாம். அது நல்ல முயற்சி. ஆனால் நம் ஊரின் பெரும்பகுதிப் பதிவுகள் இன்னும் மந்தைவெளியிலும் மாம்பலத்திலும் காந்தி நகரிலும் பரண்மேல் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு எண்பது வயது. பிள்ளைகள் வெளிநாட்டில். அடுக்குமாடியாகக் கட்டுவதற்கு வீட்டைக் கொடுக்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்த அட்டைப்பெட்டி. டேப் பூஞ்சை பிடித்துவிடும். பெரியவருடைய ஞாபகம் அதற்கும் முன்னால் போய்விடும்.

ஆகவே இந்த அவையில் இருக்கும் இசைக் கல்லூரி மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்தப் பேட்டைகளில் கேசட் வைத்திருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று உங்கள் குருவுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு மாலை அந்தப் பெரியவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். கேசட்டைத் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் காகிதத்தை இரண்டு பக்கமும் தொலைபேசியில் படம் எடுங்கள். பிறகு டேப்பை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்: யார் வாசித்தார், எங்கே உட்கார்ந்து கேட்டார், அன்றைக்கு எந்தப் பாட்டு எடுபட்டது. வயலின் யாரென்று அவருக்கு நினைவில்லையென்றால் ஊகிக்காதீர்கள். 'தெரியவில்லை' என்று எழுதுங்கள், வில் போட்ட விதத்தைக் கேட்டு அடையாளம் சொல்லக்கூடியவர் இன்னொரு தெருவில் இருப்பார். கோப்பின் பெயரிலேயே தேதியையும் எல்லாக் கலைஞர் பெயரையும் சேருங்கள். விவரத்தைத் தனியாக வைத்தால் கைமாறும்போது மறுபடி தொலையும். மாற்றி முடித்த பிறகு கேசட்டை எறியவேண்டாம் என்று அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். இந்த அறக்கட்டளை எனக்கு அளித்த சன்மானத்தை, கேசட் ஓட்டும் கருவிகளைப் பழுதுபார்க்கும் செலவுக்கு அறங்காவலர்களிடமே ஒப்படைத்திருக்கிறேன். முதல் பெட்டியைக் கொடுக்க இந்த அரங்கிலேயே ஒருவர் முன்வந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் அவரைப் பார்க்கலாம்.